விரலில்லாக் கையுறைக்கு எந்தப் பின்னல் குறிப்பு? வாசகர் கேள்வி–பதில்

விரல் நுனிகள் வெளியே தெரிய, உள்ளங்கையையும் மணிக்கட்டையும் மட்டும் மூடும் விரலில்லாக் கையுறைகளைப் பற்றி இந்த முறை பல கடிதங்கள் வந்துள்ளன. நூல் அதிகம் செலவாகாது, சில மாலைப் பொழுதுகளில் முடிந்துவிடும் என்பதால் பலரும் இதை விரும்பித் தொடங்குகிறார்கள். ஆனால் படத்தின் அழகை மட்டும் நம்பிக் குறிப்பை எடுத்துக்கொண்டு, கட்டை விரல் பகுதிக்கு வந்ததும் திண்டாடுகிறார்கள். ஆகவே கீழே உள்ள பதில்களில் கட்டை விரலைப் பற்றிச் சற்று அதிகமாகவே எழுதியிருக்கிறேன். பின்னலின் இரு அடிப்படை வகைகளான நிட், பர்ல், இவை மாறி மாறி வரும் ரிப் ஆகிய சொற்களைப் பின்னுகிறவர்களின் வழக்கப்படியே விட்டிருக்கிறேன்; ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்று குறிப்பிடுகிறேன்.

கேள்வி: நான் ஆசிரியை. குளிர்காலத்தில் வகுப்பறையில் எழுதவும் நோட்டுப் புத்தகங்களைத் திருத்தவும் முடியாமல் கை விறைத்துப் போகிறது. நிட், பர்ல் இரண்டும் தெரியும். ஒரு மஃப்ளர் பின்னியிருக்கிறேன். முதன்முதலாகக் கையுறை பின்னும் நான் எப்படிப்பட்ட குறிப்பைத் தேட வேண்டும்?
– கோத்தகிரி வாசகி

உங்களுக்கு இப்போதுள்ள பயிற்சிக்கு, ஒரு நீள்சதுரமாகப் பின்னி, பக்கவாட்டில் தைத்து, கட்டை விரலுக்கு மட்டும் இடைவெளி விடும் குறிப்பு போதும். அதிலும் இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாறி மாறி வரும் ரிப் பின்னலில் அமைந்ததாகப் பாருங்கள். ரிப் குறுக்குவாட்டில் நன்றாக இழுபடும் என்பதால், அளவு ஒரு சென்டிமீட்டர் முன்பின் ஆனாலும் கையோடு ஒட்டி நிற்கும். கட்டை விரலுக்கென்று தனியாக அகலம் கூட்டாத குறையையும் அந்த இழுவையே சரிக்கட்டிவிடும். இதே நீள்சதுரத்தை, ஒரு வரிசை நிட், அடுத்த வரிசை பர்ல் என்று வரும் வழவழப்பான ஸ்டாக்கிங் பின்னலில் செய்தால் ஓரங்கள் சுருண்டுகொள்ளும். கட்டை விரலை விரிக்கும் போதெல்லாம் உள்ளங்கையில் துணி இழுத்துப் பிடிக்கும்.

குறிப்பைத் தேடுவதற்கு முன் கையை அளந்துகொள்ளுங்கள். கட்டை விரலை விட்டுவிட்டு, விரல் முட்டிகளின் மேலாக உள்ளங்கையைச் சுற்றி அளவு நாடாவை வைக்க வேண்டும். பெரும்பாலான பெண்களுக்கு இது 17 முதல் 19 சென்டிமீட்டருக்குள் அமையும். அதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைத்துப் பின்னினால்தான் கையுறை நழுவாமல் இருக்கும். உங்கள் கை 18 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின்னலுக்குச் சுமார் 16 சென்டிமீட்டர் போதும். டபுள் நிட்டிங் என்று விற்கப்படும் நூலை 4 மில்லிமீட்டர் ஊசியில் ஸ்டாக்கிங் பின்னலாகப் பின்னினால் 10 சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 22 கண்ணிகள் வரும். அந்தக் கணக்கில் 16 சென்டிமீட்டருக்கு 35 கண்ணிகள். ரிப்புக்காக நான்கால் வகுபடும்படி 36 என்று கொள்ளலாம். தைக்கும்போது இரு ஓரங்களிலும் ஒவ்வொரு கண்ணி தையலுக்குள் போய்விடும் என்பதால், 38 கண்ணிகளில் தொடங்கும் குறிப்பே உங்களுக்கு ஏற்றது. 38 என்ற எண்ணுக்கு இன்னொரு வசதியும் உண்டு. நேர்ப்பக்க வரிசை இரண்டு நிட்டில் தொடங்கி இரண்டு நிட்டிலேயே முடியும். தைத்த பிறகு இரு ஓரங்களிலும் எஞ்சும் ஒவ்வொரு நிட் கண்ணியும் சேர்ந்து ஒரு முழு ரிப் ஆகிவிடுவதால், தைத்த இடம் கண்ணுக்குத் தெரியாது. 36 அல்லது 40 கண்ணிகளில் தொடங்கித் தைக்கச் சொல்லும் குறிப்புகளும் கிடைக்கும். தப்பில்லை, ஆனால் தையலோரம் ரிப்பின் ஒழுங்கு குலைந்து தெரியும்.

மொத்த நீளம் 18 சென்டிமீட்டர் இருக்கட்டும். மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தைத்து, நாலரை சென்டிமீட்டர் விட்டு, மீதி மூன்றரையைத் தைத்துவிடுங்கள். சாக்பீஸ் பிடித்து எழுதுகிறவருக்கு மேல்விளிம்பு விரல் முட்டியைத் தாண்டி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. போனால் விரல் மடங்கும் இடத்தில் துணி குவிந்துகொள்ளும். ஊசியிலிருந்து எடுத்ததும் ரிப் சுருங்கி, ஏதோ குழந்தையின் கைக்குப் பின்னியதாகத் தோன்றும். அதைக் கண்டு பிரித்துவிடாதீர்கள். கையை நுழைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் சன்னலோர மேசையில் நாள் முழுவதும் தட்டச்சு செய்கிறேன். தையலில்லாமல் குழலாகப் பின்னும் சுற்றுப் பின்னல் நன்றாக வரும். ஆனால் நான் பின்னிய கையுறைகள் எல்லாமே கட்டை விரலை விரித்தால் உள்ளங்கையை இழுக்கின்றன. குறிப்பில் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?
– ரொறன்ரோ வாசகி

குற்றம் உங்கள் கையில் இல்லை. குறிப்பின் கட்டை விரல் அமைப்பில் இருக்கிறது. மூன்று அமைப்புகள் பரவலாக உண்டு. ஒன்று, மேலே கோத்தகிரி வாசகிக்குச் சொன்ன வெறும் திறப்பு. இன்னொன்று, பின்னிக்கொண்டே போகும்போது சில கண்ணிகளை மட்டும் வேறு நிற நூலில் பின்னி வைத்து, பிற்பாடு அந்த நூலை உருவி, மேலும் கீழுமாக விடுபடும் கண்ணிகளை ஊசியில் ஏற்றிக் கட்டை விரலைப் பின்னுவது. லாட்வியா நாட்டு மரபுக் கையுறைகளில் இதைப் பரவலாகக் காணலாம். கையின் மேலுள்ள வண்ண வேலைப்பாடு இதில் சிதையாது என்பது உண்மைதான். ஆனால் கட்டை விரலுக்கான இடம் உள்ளங்கைத் துணியிலிருந்தே எடுக்கப்படுகிறது. கையுறை தாராளமாக இருந்தால் தெரியாது, கச்சிதமாக இருந்தால் நீங்கள் சொல்லும் இழுப்பு வரும்.

மூன்றாவது அமைப்புதான் உங்களுக்கு வேண்டியது. மணிக்கட்டைத் தாண்டியதும் ஒரு கண்ணியின் இரு பக்கமும் அவ்வப்போது ஒவ்வொரு கண்ணியைக் கூட்டிக்கொண்டே போய், முக்கோணமாக விரியும் ஒரு பகுதியை உண்டாக்குவார்கள். இதற்குக் கஸெட் என்று பெயர். நம் கையும் மணிக்கட்டிலிருந்து கட்டை விரல் பிரியும் கவட்டை வரை இப்படியே படிப்படியாக அகலுகிறது. முக்கோணம் கவட்டையை எட்டியதும் அந்தக் கண்ணிகளைத் தனி நூலில் நிறுத்திவிட்டு, உள்ளங்கையை மட்டும் தொடர்ந்து முடித்து, பிறகு திரும்பி வந்து கட்டை விரலைச் சில சுற்றுகள் பின்ன வேண்டும்.

கஸெட் இருக்கிறது என்பதோடு திருப்தி அடைந்துவிடாமல், அதன் உயரத்தைக் காகிதத்தில் கணக்கிட்டுப் பாருங்கள். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் கூட ஆகாது. பின்னி முடித்துப் பிரிக்கும் வேதனையோ பெரிது. மணிக்கட்டு மடிப்பிலிருந்து கவட்டை வரை உங்கள் கையை அளந்தால் ஆறரை சென்டிமீட்டர் வருகிறது என்று கொள்வோம். குறிப்பில் 10 சென்டிமீட்டருக்கு 28 சுற்றுகள் என்றும், கஸெட் ஒரு கண்ணியிலிருந்து 13 கண்ணிகளாக விரிய வேண்டும் என்றும் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு கண்ணிகள் கூடுவதால் ஆறு முறை கூட்ட வேண்டும். மூன்று சுற்றுக்கு ஒரு முறை கூட்டச் சொல்லியிருந்தால் 18 சுற்றுகள், அதாவது 6.4 சென்டிமீட்டர், உங்கள் கைக்கு அச்சாகப் பொருந்தும். அதே குறிப்பு இரண்டு சுற்றுக்கு ஒரு முறை கூட்டச் சொன்னால் 12 சுற்றிலேயே, 4.3 சென்டிமீட்டர் உயரத்திலேயே முக்கோணம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு கூட்டாமல் ஆறு சுற்றுகள் பின்னும்படி சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். சொல்லாமல் உடனே கட்டை விரலைப் பிரித்துவிட்டால், கவட்டைக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழேயே துணி பிரிந்து, கையை விரிக்கும் போதெல்லாம் இழுக்கத்தான் செய்யும். அப்படிப்பட்ட குறிப்பை ஒதுக்க வேண்டியதில்லை. விடுபட்ட ஆறு சுற்றுகளை நீங்களே சேர்த்துக்கொள்ளலாம்.

கஸெட்டின் அகலத்துக்கும் ஓர் அளவு உண்டு. அது உள்ளங்கைக் கண்ணிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். 40 கண்ணி உள்ளங்கைக்கு 13 கண்ணி சரி, 9 கண்ணி போதாது.

தட்டச்சு செய்கிறவர் என்பதால் இன்னும் இரண்டு விஷயங்கள். இடைவெளிப் பட்டையைக் கட்டை விரலின் பக்கவாட்டால்தான் தட்டுகிறோம். ஆகவே கட்டை விரல் குழல் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நீளாத குறிப்பு நல்லது. மணிக்கட்டின் உட்புறம் மேசையில் உராய்ந்துகொண்டே இருக்கும் என்பதால், அங்கே பொத்தானோ முண்டு முண்டான வேலைப்பாடோ உள்ள குறிப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். ராவெல்ரி போன்ற தளங்களில் ஒரே குறிப்பைப் பலர் பின்னிப் படம் போட்டிருப்பார்கள். அவற்றில் உள்ளங்கைப் பக்கத்தைக் காட்டும் படங்களைத் தேடிப் பாருங்கள். புறங்கையை மட்டுமே காட்டி விற்கப்படும் குறிப்பை, கட்டை விரலின் அமைப்பு விளங்கும் வரை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: வீட்டில் பழைய ஆங்கிலப் பின்னல் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதில் 10 ஆம் எண் ஊசி, 4 ப்ளை நூல் என்று போட்டிருக்கிறது. இணையத்தில் எடுத்த அமெரிக்கக் குறிப்பு ஒன்றும் 10 ஆம் எண் ஊசியையே சொல்கிறது. ஆனால் நூல் மிகத் தடிமனானது. இரண்டில் எது தவறு?
– உதகை வாசகி

இரண்டும் சரியே. பழைய பிரிட்டிஷ் முறையில் எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க முறையில் எண் ஏற ஏற ஊசி தடிக்கும். பிரிட்டிஷ் 10 என்பது 3.25 மில்லிமீட்டர், அமெரிக்க 10 என்பது 6 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் 8 என்பது 4 மில்லிமீட்டர். அமெரிக்க 8 என்பது 5 மில்லிமீட்டர். 7 ஆம் எண் மட்டும் இரண்டு முறையிலும் 4.5 மில்லிமீட்டராக ஒத்துப்போகிறது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் ஊசிகள் பலவற்றில் பிரிட்டிஷ் எண்ணே பொறித்திருப்பதால், அமெரிக்கக் குறிப்பை எடுக்கிறவர்கள் முதலில் ஊசியின் மில்லிமீட்டர் அளவைத் தேடிக் குறித்துக்கொள்வது நல்லது. எண் தேய்ந்துபோன ஊசிகளுக்கு, துளைகள் போட்ட ஊசி அளவுகோல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய புத்தகத்தில் டென்ஷன் என்று இருப்பதும் அமெரிக்கக் குறிப்பில் கேஜ் என்று இருப்பதும் ஒன்றே. 10 சென்டிமீட்டருக்கோ ஓர் அங்குலத்துக்கோ எத்தனை கண்ணிகள் என்பதைத்தான் இரண்டும் சொல்கின்றன. 4 ப்ளை என்பதற்கு அமெரிக்கர்கள் ஃபிங்கரிங் என்று சொல்லும் மெல்லிய நூலை எடுத்துக்கொள்ளலாம். புத்தகம் விக்டோரியா காலத்தினுடையது என்றால் டென்ஷனே கொடுத்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்து நூல்களில் மஃபட்டீ என்ற பெயரில் மணிக்கட்டுறைக் குறிப்புகள் நிறைய உண்டு. அழகானவை, ஆனால் அளவுகளை முழுக்க நீங்களே கணக்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். முதல் கையுறைக்கு அவற்றை எடுக்க வேண்டாம்.

கேள்வி: இங்கே பிறந்து வளர்ந்த என் மகளுக்குச் செல்பு நட்சத்திரம் போட்ட கையுறை வேண்டுமாம்; ஆனால் கைபேசி பார்க்க விரல்கள் வெளியே இருக்க வேண்டும் என்கிறாள். கிடைக்கும் குறிப்புகள் எல்லாம் முழுக் கையுறைக்கானவை. மாற்றிப் பின்ன முடியுமா?
– ஒஸ்லோ வாசகி

தாராளமாக முடியும், மகள் கேட்பது பின்னுவதற்கு மிக இன்பமான ஒரு வேலை. திரொண்ட்ஹைம் நகரத்துக்குத் தென்கிழக்கே உள்ள செல்பு என்ற ஊரில், 1857 ஆம் ஆண்டு மாரித் எம்ஸ்டாட் என்ற இளம்பெண் எட்டிதழ் நட்சத்திரம் பின்னிய கறுப்பு வெள்ளைக் கையுறை அணிந்து தேவாலயத்துக்குச் சென்றதிலிருந்து இந்த மரபு தொடங்கியது என்று சொல்லப்படுகிறது. அதன் பின் ஊரே அதைப் பின்னி விற்று வாழ்ந்தது. செல்பு நகராட்சியின் சின்னத்திலும் அந்த நட்சத்திரமே இருக்கிறது.

இந்த வகையில் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு நிற நூல்களும் கூடவே வரும். பின்னாத நிறம் துணியின் உட்புறமாகக் கடந்து போகும். அதனால் துணி இரட்டைத் தடிப்பாகி நல்ல கதகதப்பைத் தரும். ஆனால் இழுபடும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். ரிப் கையுறையைப் போலக் கையளவைவிடக் குறைத்துப் பின்னினால் கை நுழையாது. கையளவுக்குச் சமமாகவோ ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகவோ முடியும் குறிப்பைத் தேர்ந்தெடுங்கள். கஸெட் இல்லாத செல்பு வகைக் குறிப்பு ஏதாவது கண்ணில் பட்டால் மகளுக்கு அது வேண்டாம். இழுபடாத துணியில் கட்டை விரலுக்குத் தனி இடம் அவசியம்.

அளவை மாற்றுவதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. நட்சத்திரத்துக்கு இத்தனை கண்ணிகள் என்று வரைபடமே தீர்மானித்துவிடுவதால், இரண்டு கண்ணியைக் கூட்டுவதும் குறைப்பதும் இதில் நடவாது. ஊசியை மாற்றித்தான் அளவை மாற்ற வேண்டும். உதாரணமாக 60 கண்ணிகள் உள்ள ஒரு வரைபடத்தை 10 சென்டிமீட்டருக்கு 32 கண்ணிகள் வரும்படி பின்னினால் சுற்றளவு 18.75 சென்டிமீட்டர்; சற்று மெல்லிய ஊசியில் 34 கண்ணிகளாக நெருக்கினால் 17.6, தடித்த ஊசியில் 30 ஆகத் தளர்த்தினால் 20. ஆகவே குறிப்பை எடுத்ததும் மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னியே ஆக வேண்டும், அதையும் சுற்றாகவே பின்ன வேண்டும். பலருக்கு நிட் வரிசையும் பர்ல் வரிசையும் ஒரே இறுக்கத்தில் வருவதில்லை என்பதால், தட்டையாகப் பின்னிய துண்டு சுற்றுப் பின்னலுக்குச் சரியான அளவைக் காட்டாது.

விரல் பகுதியை நீக்குவது எளிது. நட்சத்திரம் முழுமையாக முடியும் சுற்று, விரல்களின் அடிப்பகுதிக்குச் சற்று முன்னால் வருகிறதா என்று வரைபடத்தில் எண்ணிப் பாருங்கள். வந்தால் அதோடு வண்ண வேலையை நிறுத்தி, ஓரளவு மெல்லிய ஊசியில் இரண்டு சென்டிமீட்டர் ரிப் போட்டு முடித்துவிடலாம். ரிப் இல்லாமல் முடித்தால் விளிம்பு வெளிப்புறமாகச் சுருளும். நட்சத்திரம் பாதியில் வெட்டுப்படுகிறது என்றால் அதைவிடச் சிறிய நட்சத்திரம் உள்ள வேறு வரைபடத்தைத் தேடுங்கள். ஒரே நிறம் ஐந்து கண்ணிகளுக்கு மேல் தொடர்ந்து வரும் இடங்களில் உட்புற நூலை நடுவில் ஒருமுறை பின்னி மாட்டிக்கொள்ளாவிட்டால், கையை நுழைக்கும்போது விரல்கள் அதில் சிக்கும். நட்சத்திரத்தின் நிறத்தை எப்போதும் மற்ற நிறத்துக்கு அடியிலிருந்து எடுத்துப் பின்னுங்கள். அடியிலிருந்து வரும் நிறமே துணியில் எடுப்பாகத் தெரியும். நூலுக்கு நீங்கள் எங்கும் அலைய வேண்டியதில்லை. 50 கிராமுக்கு 175 மீட்டர் உள்ள ரௌமா ஃபின்னுல் நூல் உங்கள் நாட்டிலேயே தயாராவது. இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது.

கேள்வி: கேபிள் முறுக்கு வேலைப்பாடுள்ள குறிப்பு மிகவும் பிடித்திருக்கிறது. என் கையின் அளவுக்குக் கண்ணிகளைக் கணக்கிட்டால், குறிப்பில் சொல்லியிருப்பதைவிடக் குறைவாக வருகிறது. குறைத்துக்கொள்ளலாமா?
– பெங்களூரு வாசகி

குறைக்க வேண்டாம். கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக ஏறும்போது துணி உள்வாங்கிக்கொள்ளும். அதை ஈடுகட்டவே குறிப்பில் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். சாதாரணப் பின்னலின் கணக்கை வைத்துக் குறைத்தால் கை நுழையாத கையுறைதான் கிடைக்கும். முறுக்கு புறங்கையில் மட்டும் இருந்து, உள்ளங்கைப் பகுதி வெறுமையாக இருக்கும் குறிப்பாகத் தேர்ந்தெடுங்கள். சுற்றிலும் முறுக்கு வரும் கையுறை படத்தில் கம்பீரமாக இருக்கும். பேனா பிடிக்கவோ கைப்பிடியைப் பற்றவோ முயலும்போது உள்ளங்கைக்குள் உருளும்.

கேள்வி: காலுறை பின்னியது போக 50 கிராம் மெல்லிய நூல் மீதம் இருக்கிறது. பல நிறங்கள் மாறி மாறி வரும் நூல். ஒரு சோடி பின்னப் போதுமா? பாதியில் தீர்ந்துவிடும் என்ற பயத்தில் எந்தக் குறிப்பையும் தொடங்காமல் இருக்கிறேன்.
– இலண்டன் வாசகி

100 கிராமுக்கு 400 மீட்டர் என்ற கணக்கில் விற்கப்படும் காலுறை நூல் என்றால் உங்களிடம் 200 மீட்டர் அளவுக்கு இருக்கிறது. நடுத்தர நீளமுள்ள ஒரு சோடிக்கு அது போதும். பயத்தைப் போக்க, விரல் பக்கத்திலிருந்து தொடங்கி மணிக்கட்டை நோக்கி இறங்கும் குறிப்பைத் தேடுங்கள். உள்ளங்கைப் பகுதியின் நீளத்தை நம் விருப்பப்படி மாற்ற முடியாது. மணிக்கட்டுப் பகுதி எவ்வளவு நீண்டாலும், எவ்வளவு குறைந்தாலும் பொருந்தும். ஆகவே முடிவு அங்கே அமைந்தால் நூல் இருக்கும் வரை பின்னி நிறுத்திக்கொள்ளலாம். இத்தகைய குறிப்புகளில் கஸெட் தலைகீழாக வரும். கூட்டுவதற்குப் பதிலாகக் குறைத்துக்கொண்டே இறங்க வேண்டும். கட்டை விரல் குழலையும் முதலிலேயே பின்னிச் சேர்த்துவிடும் குறிப்பாக இருந்தால், கடைசியில் அதற்கென்று நூலை ஒதுக்கி வைக்கும் கவலையும் இல்லை.

தொடங்குவதற்கு முன் சமையலறைத் தராசில் நிறுத்து, நூலை 25 கிராம் வீதம் இரண்டு உருண்டைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் கையுறைக்கு ஓர் உருண்டைக்கு மேல் தொடுவதில்லை என்று உறுதியாக இருந்தால் இரண்டாவதற்குக் குறை வராது. நிறங்கள் ஒரே இடத்தில் பொருந்த வேண்டும் என்று விரும்பினால், இரண்டையும் ஒரே நிறத்திலிருந்து தொடங்க நூலில் இடம் தேடிக்கொள்ளுங்கள். அதில் சில மீட்டர்கள் வீணாகும்.

பல நிற நூலுக்கு லேஸ் வேலைப்பாடு வேண்டாம். துளைகளின் அழகும் நிறங்களின் அழகும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். போதாக்குறைக்குக் காற்றும் நுழையும். ஸ்டாக்கிங் பின்னல் உடலும் ரிப் விளிம்பும் உள்ள எளிய குறிப்பில் உங்கள் நூல் நன்றாக எடுபடும். லேஸ் குறிப்புகளை, ஒரே நிறத்தில் நல்ல நூல் கிடைக்கும் நாளுக்கு ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: என் மாமிக்கு மூட்டுவாதம். காலையில் விரல்கள் வீங்கி விறைத்துக்கொள்கின்றன. கடையில் வாங்கிய கையுறையைப் போடவும் கழற்றவும் சிரமப்படுகிறார். அவருக்கு எந்த மாதிரிப் பின்னித் தரலாம்?
– நுவரெலியா வாசகி

உங்கள் மாமிக்கு அழகைவிட, கையுறையின் வாய் எவ்வளவு இலகுவாக விரிகிறது என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொத்தான், நாடா உள்ள குறிப்புகள் வேண்டாம். விறைத்த விரல்களால் அவற்றைக் கையாள முடியாது. மணிக்கட்டுப் பகுதி நீண்டு குறுகலாக வரும் குறிப்புகளையும் விட்டுவிடுங்கள். விளிம்பிலிருந்து விளிம்பு வரை முழுவதும் ரிப்பாக, தையலே இல்லாமல் சுற்றாகப் பின்னப்படும், கஸெட் உள்ள ஒரு குறிப்பு அவருக்கு இதமாக இருக்கும். கட்டை விரல் பக்கவாட்டில் அமைந்த குறிப்பாக எடுத்தால் இரண்டு கையுறைகளும் ஒன்றுபோலவே இருக்கும். எது இடது, எது வலது என்று அவர் தேட வேண்டியதில்லை. கஸெட் உள்ளங்கைப் பக்கம் தள்ளி அமைந்த குறிப்புகளில் அந்த வசதி இல்லை.

அளவைக் காலையில், வீக்கம் அதிகமாக இருக்கும் நேரத்தில் எடுங்கள். இரண்டு கைகளையும் அளந்து, பெரிய கையின் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்குச் சொன்ன பத்தில் ஒரு பங்குக் குறைப்பை இவருக்குச் செய்யாமல் கையளவுக்கே பின்ன வேண்டும். தொடக்க விளிம்பு இறுகிவிட்டால் உள்ளே எவ்வளவு மென்மையாகப் பின்னினாலும் பயனில்லை. ஆகவே தொடக்கக் கண்ணிகளை மட்டும் இரண்டு அளவு தடித்த ஊசியில் ஏற்றி, பிறகு உரிய ஊசிக்கு மாறுங்கள். முடிக்கும்போதும் அதே தடித்த ஊசியைப் பயன்படுத்துங்கள். போட்டுக்கொண்டிருக்கும்போது விரல்கள் மரத்தாலோ கூசினாலோ தோலில் ரிப்பின் தடம் ஆழமாகப் பதிந்தாலோ கையுறை இறுக்கம் என்று பொருள். பிரித்து நான்கு கண்ணிகள் கூட்டிப் பின்னுங்கள். மூட்டுவாதத்துக்கென்று மருத்துவர்கள் தரும் அழுத்தக் கையுறை வேறு வகை. நாம் பின்னுவது கதகதப்புக்கு மட்டுமே, அதற்கு மாற்றாகாது.

அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும் என்பதால், சூப்பர்வாஷ் என்று சீட்டில் குறித்திருக்கும் மெரினோ நூல் கிடைத்தால் வாங்குங்கள். சாதாரணக் கம்பளியை இயந்திரத்தில் போட்டால் சுருங்கிக் கெட்டியாகிவிடும். சூப்பர்வாஷ் நூலுக்கு நேர்மாறான குணம் உண்டு: முதல்முறை நனைந்ததும் துணி தளர்ந்து பெரிதாகும். ஆகவே மாதிரித் துண்டை நனைத்து, உலர்த்தி, அதன் பிறகு அளந்துதான் கண்ணிகளைத் தீர்மானிக்க வேண்டும். மெரினோ கிடைக்காவிட்டால் குழந்தைகளுக்கென்று விற்கப்படும் மென்மையான அக்ரிலிக் நூலிலும் பின்னலாம். ஆனால் அதை அணிந்துகொண்டு அடுப்பருகே வேலை செய்ய வேண்டாம் என்று மாமியிடம் சொல்லிவையுங்கள், அது வெப்பத்தில் உருகும் நூல்.